பிறந்த வீட்டுக் கோடி

பக்கத்து வீட்டுப் பவானியம்மா அந்தத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மடிப்புக் கலையாத புது வெள்ளை முண்டு. கஞ்சி வாசனை கூடப் போகவில்லை. முன்னறையில் தலைமாட்டு விளக்கு எரிய, அம்மா கோரைப்பாயில் கிடந்தாள். உயிர் போய் இரண்டு மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும். தெருவில் பால்காரியின் குரல் வழக்கம்போல ஒவ்வொரு வாசலாகப் போய்க்கொண்டிருந்தது.

"மோளே, ஞான் ஒரு கோடி இட்டோட்டே?" என்று பவானியம்மா கேட்டாள்.

நான் தலையாட்டினேன். அவள் துணியை விரித்து, அம்மாவின் கழுத்திலிருந்து பாதம் வரை போர்த்தி, ஓரத்தைச் சரிசெய்து, காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மூலையில் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்து மூச்சு விடவில்லை, அப்பாவின் அக்கா கரமனையிலிருந்து வந்து இறங்கினாள். நாங்கள் அவளைக் கரமனை அத்தை என்போம். நெஞ்சில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தவள், அம்மாவைப் பார்த்ததும் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி பகவதி! தாலியோட போறவளுக்கு வெள்ளையா? ஆருட்டி போட்டது இதை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

சாவு வீட்டில் சண்டை என்பது கல்யாண வீட்டில் சண்டையைவிடச் சாதாரணம். ஆனால் இந்தச் சண்டையின் வேர் எங்கிருந்தது என்பதைச் சொல்ல நான் பல வருஷம் பின்னால் போகவேண்டும். செக்ரட்டேரியட்டில் டைப் அடித்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் அம்மா எங்கே காணோம்?" என்று கேட்டிருக்கிறார். இதோ வந்துவிட்டாள். வரும்போதே கட்டளையோடுதான் வருவாள்.

அம்மா போட்ட திட்டம்

அம்மா தன் சாவைத் தானே ஏற்பாடு செய்தாள். இதில் மிகை ஒன்றும் இல்லை. உடம்பில் நீர் வைத்துக் கால் வீங்கி, எழுந்து நடமாட முடியாமல் போன அந்தக் கடைசி மாதங்களில், நான் ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"கேட்டியா, எனக்குக் கூறைப்பொடவையைக் கட்டணும். டிரங்குப் பெட்டியில அடியில கெடக்கு. கனகாம்பரம் வைக்கப்பிடாது. மணமில்லாத பூ எனக்கு வேண்டாம். பிச்சிப்பூ. அதுவும் தோவாளைப் பிச்சி."

"சும்மா இரேம்மா."

"சும்மா இருந்தா ஆரு செய்வா? ஒங்கப்பாவா? அவரு அரிசி மூட்டைக் கணக்கு மட்டும்தான் பாப்பாரு."

அது உண்மை. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு தானிய மண்டியில் கணக்குப்பிள்ளை. வீட்டில் அவர் பேசுகிற வார்த்தைகளை ஒரு சிறிய டப்பாவில் போட்டு மூடிவிடலாம். அம்மா அதற்கும் சேர்த்துப் பேசினாள்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாடு வரைக்கும் அவளுக்குத் திட்டம் இருந்தது. புளிக்கறி வேண்டும், எரிசேரி வேண்டும், சிறுபயற்றுப் பாயசம் வேண்டும். அவியலில் கத்தரிக்காய் போடக்கூடாது. "இங்க உள்ள சமையக்காரன் போடுவான். நீ பக்கத்துல நிக்கணும். எனக்க பேரைச் சொல்லித் திங்கப்போற சாப்பாட்டுல குத்தம் வரப்பிடாது," என்றாள். செத்த பிறகும் குழம்புக் கரண்டியைக் கையிலிருந்து விடமாட்டாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதேன்.

இவற்றில் எதையும் நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதை டைப் அடிக்கிறவள், அம்மா சொன்னதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அது நிச்சயமாகிவிடும் என்று பயந்தேன்.

ஒரு சாயங்காலம், எல்லாம் சொல்லி முடித்தபிறகு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "பொறந்த வீட்டுக் கோடி வந்த பொறவுதான் என்னை எடுக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்த வீடு என்றால் பூதப்பாண்டி. பூதப்பாண்டி என்றால் தாணு மாமா. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் காதில் விழுந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"மாமாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா? இப்பவே வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். உயிரோட இருக்கும்போ அவன் மொகத்துல முழிக்க மாட்டேன். செத்த பொறவு வரட்டும். எத்தர நேரம் ஆனாலும் சரி, அவன் வந்து கோடி போடாம என்னை எடுக்கப்பிடாது. அவன் எனக்காகக் காத்துக் கெடக்கல்ல. நான் காத்துக் கெடக்கேன். வந்து பாக்கட்டும்."

இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வதா, பழிவாங்கல் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. கையைக் கொடு என்றாள். கொடுத்தேன். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தூங்கினாள்.

பூதப்பாண்டி வாசல்

கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போர்த்தவேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. சுமங்கலி என்றால் சிவப்பு. மற்றவர்கள் கோடி எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் நாஞ்சில் நாட்டு வீடுகளில் இதற்காகப் பிணம் காத்துக்கிடந்த கதைகள் ஏராளம். கோடி வராமல் போனால் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். செத்தவளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அம்மாவுக்கும் தாணு மாமாவுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். அம்மா மூத்தவள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்று சொல்லுவார்கள். அவர்களுடைய அப்பா இறந்தபோது அம்மா இங்கே திருவனந்தபுரத்தில் இருந்தாள். என் தம்பி ஆறுமுகம் அப்போது கைக்குழந்தை. தந்தி வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நல்ல ஆனி மழை. நெய்யாற்றின்கரை தாண்டி பஸ் படுத்துவிட்டது. வேறு பஸ் பிடித்து, மாட்டுவண்டி பிடித்து, பூதப்பாண்டி வாசலில் போய் நின்றபோது முற்றத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எடுத்துவிட்டார்கள். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஈரத் துண்டோடு தாணு மாமா.

யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். அம்மா வாங்கவில்லை. படியேறவும் இல்லை. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, வந்த மழையிலேயே திரும்பி நடந்தாள். அதன்பிறகு அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

"எங்கப்பாவுக்க மொகத்தை எனக்குக் காட்டாம எடுத்திட்டான்." இந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லிக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

மாமா மட்டும் விடவில்லை. வருஷா வருஷம் தை பிறப்பதற்கு முன்னால் பொங்கப்படி அனுப்பிவிடுவார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, ஒரு குலை மட்டிப்பழம், பனங்கிழங்குக் கட்டு, எல்லாம் ஓர் ஆள் தலையில் வந்து இறங்கும். அம்மா அதைக் கண்ணெடுத்துப் பார்க்கமாட்டாள். திருப்பியும் அனுப்பமாட்டாள். திருப்பி அனுப்பினால் உறவு அறுந்துவிடுமே. அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போகும்.

பக்கத்து வீடு பவானியம்மாவுடையது. பழவங்காடிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். கணவர் போய் வெகுகாலம். பிள்ளை கிடையாது. அவளும் அம்மாவும் பேசிக்கொள்வதைக் கேட்டால் எது தமிழ், எது மலையாளம் என்று பிரித்து எடுக்க முடியாது. அம்மா படுக்கையில் விழுந்தபிறகு, நான் ஆபீஸ் போன நேரத்தில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது, துணி மாற்றியது எல்லாம் பவானியம்மாதான். பெற்ற பெண் செய்யவேண்டியதில் பாதியை அவள் செய்தாள்.

பஸ் ஓடாத நாள்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அது தெற்கே தமிழ்த் தாலூகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். எங்கள் சந்தில் யாரும் யாரிடமும் முகம் திருப்பவில்லை. என்றாலும் சாலைக் கடைத்தெருவில் நாங்கள் தமிழைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் பேசினோம். நாகர்கோவில் பக்கம் கடையடைப்பு, பஸ் ஓடவில்லை, பாறசாலைக்குத் தெற்கே ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று தினம் ஒரு செய்தி. அம்மா அந்த நாளைத் தேர்ந்தெடுத்துத்தான் போனாள் போலிருக்கிறது.

ஆறுமுகம் அப்போது காலேஜை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். தந்தியாபீஸ் திறக்கும்வரை அவன் வாசலிலேயே நின்று தந்தி கொடுத்துவிட்டு வந்தான். தந்தி போய்ச் சேருமா என்று கேட்டதற்கு, "போகும், ஆனா ஆளு வர்றதுக்கு வழியில்லயே" என்று உள்ளே இருந்தவர் சொன்னாராம்.

கரமனை அத்தையின் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அத்தை வெள்ளைத் துணியையும் மூலையில் இருந்த பவானியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குளிப்பாட்டல்ல, பொறந்த வீட்டுக் கோடி வரல்ல, அதுக்கு முந்தி அடுத்த வீட்டுக்காரி கோடியா? அதுவும் அறுத்தவளுக்குப் போடுத வெள்ளை! புருஷன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான்!"

குத்துக்கல் திண்டில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா காதில் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

பவானியம்மாவின் வழக்கம் வேறு. அவர்களிடத்தில் யாருக்குப் பிரியமோ அவர்கள் எல்லாரும் கோடி போடலாம். வெள்ளைதான் போடுவார்கள். மரியாதைக்குரிய துணியே அதுதான். அம்மாவுக்கு முதல் கோடி தன் கையால் போடவேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாகப் பெட்டியைத் திறந்து, ஓணத்துக்கு வாங்கிக் கட்டாமல் வைத்திருந்த முண்டை எடுத்துவந்திருக்கிறாள். அதை எப்படித் தப்பு என்று சொல்வது?

"அத்தை, அது கெடக்கட்டும்," என்றேன்.

"கெடக்கவா? ஒங்கம்மை தாலியும் பொட்டுமா போகணும்னு எத்தர கோயில்ல வெளக்குப் போட்டா? அவளை அறுத்தவளா அனுப்பப் போறியாட்டி?"

அம்மாவுக்கு அந்த ஆசை இருந்தது உண்மை. அதே அம்மாவைக் கடைசிவரை தொட்டுத் தூக்கியவள் பவானியம்மா என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நான் மரம் மாதிரி நின்றேன்.

பவானியம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். எழுந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் குனிந்து, துணியை மெதுவாக எடுத்து, முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தாள். "அறிஞ்ஞில்ல மோளே," என்று மட்டும் சொன்னாள். தெரியாமல் போச்சு என்கிறாள். மூலைக்குப் போய் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். போகவில்லை. அங்கேயே இருந்தாள்.

அந்தக் காலையில் அத்தையை எனக்கு அடிக்க வேண்டும் போலிருந்தது. இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

எடுக்கலாமா, வைக்கலாமா

மத்தியானத்துக்குள் எல்லாம் தயாராகிவிட்டது. விறகுக்கு ஆள் போயாயிற்று. கிள்ளியாற்றிலிருந்து குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர, நீர்மாலைக்குக் குடமும் துணியும் வந்தன. சங்கு ஊதுகிறவன் வந்து வேலியோரம் பீடி குடித்துக்கொண்டிருந்தான். பிச்சிப்பூ தோவாளையிலிருந்து வர வழியில்லை. ஆறுமுகம் பழவங்காடி பூக்கடையில் நின்று சண்டை போட்டு, அன்றைக்கு அவர்களிடமிருந்த பிச்சி அத்தனையையும் வாங்கிவந்தான். வராதது ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் மண்டிக்காரர்களும் தெருக்காரர்களும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம், பஸ் ஓடாதபோது யாரை எதிர்பார்ப்பது, நீர் வைத்த உடம்பு தாங்காது. எல்லாம் நியாயமான பேச்சு. அப்பா என்னைப் பார்த்தார்.

"மாமா வரணும்," என்றேன்.

"வராம இருந்தா?" என்றாள் அத்தை. "இத்தர வருஷம் மொகம் பாக்காதவன் இப்ப ஓடி வருவான்னு நெனைக்கியா? அவன் வர மாட்டான். நீ பொணத்தை வச்சு அழுக விடப்போறே."

எனக்கும் அதே பயம்தான். அவர் வருவார் என்று நம்புவதற்கு என்னிடம் வருஷத்துக்கு ஒரு குலை மட்டிப்பழத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. ஆனால் கையைக் கொடுத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். வராமல் போனால் அம்மா தோற்றுப்போவாள். அவர் வந்து, அதற்குள் நாங்கள் எடுத்துவிட்டிருந்தால் அதைவிட மோசம். பூதப்பாண்டி வாசலில் நடந்ததையே நாங்கள் திருப்பிச் செய்தவர்களாவோம்.

"நாளைக்கு உச்சி வரைக்கும் பாப்போம்," என்றேன். என் குரல் எனக்கே ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் குரலாகக் கேட்டது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஐஸ் ஃபாக்டரியிலிருந்து மரத்தூளில் புதைத்த பாளங்கள் வந்தன. இரவு கழிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மஞ்சள்

மறுநாள் வெயில் ஏறி உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஆறுமுகம் நீர்மாலைக்கு வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவுதான் முடியும் அம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது சந்து முனையில் ஒரு ஆள் வந்தார். வேட்டி முழங்கால்வரை செம்மண். செருப்பில்லை. கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். வாசலுக்கு வந்து, படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. நான் பார்த்துப் பல வருஷமான முகம். ஆனால் அம்மாவின் மூக்கு. அதை மறக்க முடியுமா?

"எடுத்தாச்சா?" என்றார்.

"இல்ல மாமா. நீங்க வரணும்னு வச்சிருக்கோம். அம்மை சொல்லிட்டுப் போனா."

மாமா அப்படியே படலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். பழிவாங்க வேண்டும் என்று அம்மா நினைத்திருந்தால், அது நடந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

முந்தின நாள் தந்தி கிடைத்ததும் கிளம்பியிருக்கிறார். குழித்துறை வரை ஒரு லாரி. அங்கிருந்து பாறசாலை தாண்டி நடை. பிறகு வாழைக்குலை வண்டி, பாலராமபுரத்தில் இறங்கி மறுபடி நடை, கடைசியில் விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒரு மீன்வண்டி. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. வழியெல்லாம் கடை அடைப்பு. பாலராமபுரத்தில் நெசவுக்காரர் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, நிலைமையைச் சொல்லி, தறியிலிருந்து இறக்கிவைத்திருந்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை முண்டு.

கரமனை அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள். பிறந்த வீட்டுக் கோடியையே வெள்ளை என்று தள்ள அவளாலும் முடியாது.

"செவப்பு கெடைக்கல்ல," என்றார் மாமா. "அவங்க அதுதான் நெய்யுதா. எனக்கு வேற வழியில்ல பிள்ளே." இவ்வளவு தூரம் வந்து, போட முடியாத துணியோடு நிற்கிறோமே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அப்போதுதான் அப்பா பேசினார். அந்த இரண்டு நாளில் அவர் பேசியதாக எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான்.

"மஞ்சள்ல முக்கினாப் போதும். மஞ்சளானா மங்கலந்தான்." பிறகு மூலையில் பவானியம்மாவின் மடியில் இருந்த துணியைக் கையால் காட்டினார். "அதையும் சேத்து முக்கு."

சாவு வீட்டில் அம்மியைத் தொடக்கூடாது. பவானியம்மா எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். வேலிக்கு அப்பால் அம்மிக்கல் உருளும் சத்தம் கேட்டது. பச்சை மஞ்சள் வாசனை வேலி தாண்டி வந்தது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, அரைத்த விழுதைக் கரைத்து, இரண்டு முண்டையும் நானும் அவளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முக்கி எடுத்தோம். எங்கள் கை முழங்கை வரை மஞ்சளாகிவிட்டது. வெயிலில் கொடியில் போட்டோம். முழுக்கக் காயும்வரை பொறுக்கவில்லை. அதற்குள் ஆறுமுகம் நீர்மாலை எடுத்து வந்தான். அம்மாவைக் குளிப்பாட்டி, கூறைப்புடவை கட்டி, பிச்சிப்பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தோம்.

முதலில் தாணு மாமா போர்த்தினார். ஈரத் துணி அம்மா உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிறகு அவரே திரும்பி, "நீங்களும் போடுங்கோ," என்று பவானியம்மாவைக் கூப்பிட்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை.

"மாமா வந்தாச்சு. இனி எடுக்கலாம்," என்று நான் ஆறுமுகத்திடம் சொன்னேன்.

ஒரு பழம்

பதினாறு முடியும்வரை மாமா இங்கேயே தங்கிவிட்டார். போவதற்கும் பஸ் கிடையாதே. அவியலில் கத்தரிக்காய் விழாமல் சமையல்காரனுக்குப் பக்கத்தில் நின்றது நானில்லை, அவர்தான்.

ஒரு நாள் பின்கட்டில் உட்கார்ந்து அவராகவே சொன்னார்: "அப்பாவை எடுக்கும்போ நான் சொன்னதை ஆரும் கேக்கல்லட்டி. மழை வருது, மழை வருதுன்னு பெரியவங்க தூக்கிட்டா. எனக்க பேச்சு ஏறல்ல. அதை அவகிட்ட சொல்ல அவ எடம் தரல்ல." நிஜமோ, வருஷக்கணக்கில் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி நிஜமாக்கிக்கொண்டதோ, நான் கிண்டிப் பார்க்கவில்லை.

பிறகு கேட்டார்: "நான் அனுப்பின பொங்கப்படியை அவ தொட்டாளா?"

வேலிப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பவானியம்மாதான் பதில் சொன்னாள்.

"ஒரு மட்டிப்பழம் தின்னும். எல்லா வருஷமும். என்றெ அடுக்களையில் இருந்து, ஒரே ஒரெண்ணம். ஆரோடும் பறயருதுன்னு பறயும்." யாரிடமும் சொல்லக்கூடாது என்பாளாம்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மூக்கைச் சிந்தினார்.

அம்மா நிஜமாகவே அந்தப் பழத்தைத் தின்றாளா என்று பிற்பாடு பவானியம்மாவிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "நல்ல பழமாயிருந்நு மோளே," என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து கிடைக்கவில்லை.

களியக்காவிளை தாண்டி

கேட்டது கிடைத்தது. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு போய்ச் சேர்ந்தது. நாங்கள் இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம். அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு காலையில் எனக்குத் தந்தி வந்தது. மாமா.

தந்தி ஒரு நாள் தாமதம். ஆறுமுகத்துக்கு அப்போது பம்பாயில் வேலை, அப்பாவுக்கு நடமாட்டம் குறைவு. லீவ் லெட்டர்கூட எழுதாமல் பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். மடியில் ஒரு புதுவேட்டி. கிளம்பும்போது பவானியம்மா இன்னொன்றைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். களியக்காவிளையில் புது எல்லை. பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார்கள். சாவகாசமாகத்தான் பார்த்தார்கள். வெளியே வெயில் சாய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுத்திருப்பார்கள், எடுத்திருப்பார்கள் என்று மனம் அடித்துக்கொண்டது. முற்றத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது. அதுவரை அவளுடைய கோபத்தைக் கொஞ்சம் அதிகம் என்றே நினைத்திருந்தேன்.

பூதப்பாண்டித் தெருவில் திரும்பினேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். முற்றம் காய்ந்து கிடந்தது. மாமாவின் மகன், என்னைவிட இளையவன், என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"வந்திட்டேளா மைனி? நேத்தே எடுக்கணும்னு எல்லாரும் நின்னா. நான் விடல்ல. அப்பா சொல்லிட்டுப் போயிருக்கா, திருவனந்தரத்துக்காரி வராம எடுக்கப்பிடாதுன்னு."

அவன் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்காத தண்ணீர். நான் வாங்கி, நின்றபடியே அத்தனையையும் குடித்தேன். பிறகு படியேறி உள்ளே போய் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். வேண்டிய மட்டும் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வேட்டி இரண்டையும் போர்த்திவிட்டு நகர்ந்து நின்றபோது, பின்னால் மாமாவின் மகன் யாரிடமோ சொல்வது கேட்டது.

"மைனி வந்தாச்சு. இனி எடுக்கலாம்."